ஹரிக்கேனும் பட்டறைத் தின்னரும்: முதல் பிளாஸ்டிக் மாடல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்த பொருள் 1/72 அளவிலான ஹாக்கர் ஹரிக்கேன் போர் விமானம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை சுமார் 17 சென்டிமீட்டர். கட்டியவர் பாளையங்கோட்டையில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கும் மாணவர். இதற்கு முன் பிளாஸ்டிக் மாடல் எதையும் அவர் கட்டியதில்லை. ஆடி மாதத்தில், அல்வாக் கடை அட்டைப்பெட்டி ஒன்றில் பஞ்சு பரப்பி அதைக் கொண்டுவந்தார். மேசையில் வைத்த கையோடு தீர்ப்பையும் சொல்லிவிட்டார்: “எனக்குக் கை வராது சார்.”

அந்தத் தீர்ப்பு சரிதானா என்பதே இந்த ஆய்வின் கேள்வி. நான் பள்ளியில் வேதியியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். மாடல் கட்டுவது நெடுநாள் பழக்கம். ஒரு சோதனை கெட்டுப்போனால் மாணவனைப் பார்ப்பதற்கு முன் குடுவையைப் பார்ப்பது என் வழக்கம். இங்கும் அப்படியே.

வந்த நிலை

விமானி அறையின் கண்ணாடிக்கூடு உட்புறம் வெளுத்து மங்கியிருந்தது. உடற்பகுதியின் இரு பாதிகளும் சேரும் இடத்தில், முதுகு நெடுகப் பள்ளமும் மேடுமாக ஒரு கோடு. ஒரு பாதி மற்றதைவிட அரை மில்லிமீட்டர் முன்னே நகர்ந்து ஒட்டியிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் இடது இறக்கை வலதைவிடத் தாழ்ந்திருந்தது. அதே இடது இறக்கையின் மேற்பரப்பில் தகடுகளின் கோடுகள் மறைந்து, பிளாஸ்டிக்கே இளகி இறுகிய தடம். மற்ற இடங்களில் பச்சை, பழுப்பு வண்ணங்கள் காய்ச்சிய பாலின் மேலாடைபோலச் சுருங்கிக் கிடந்தன. விரலால் தடவினால் மணல் நெருடியது. இறக்கைமேல் ஒட்டிய வட்ட முத்திரைகளின் ஓரத்தில் வெள்ளி மினுமினுப்பும், அதைச் சுற்றி உப்புப் பூத்த வளையமும் தெரிந்தன.

இவ்வளவையும் பார்த்த பிறகு, மங்கிய கூட்டுக்குள் கைவிளக்கை அடித்து விமானியைப் பார்த்தேன். 1/72 என்றால் ஆறடி ஆள் ஓர் அங்குலம். தலை சுமார் மூன்று மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு மணி. அந்தத் தலையில் தோல் தொப்பியின் பழுப்பு முகத்தின் நிறத்தோடு கலக்காமல் பிரிந்து நின்றது. மார்புப் பட்டைகள் நேராக இருந்தன. இதைத் தீட்டிய கைக்குக் குறை எதுவும் இல்லை. கெட்டது வேறு எங்கோ.

நடந்தது

அவர் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டேன். பெட்டிக்குள் துணையாக வந்த சிறு பசைக் குழாய் திறப்பதற்கு முன்பே காய்ந்து போயிருந்தது. தெருமுனைக் கடையில் நொடியில் ஒட்டும் பசை வாங்கினார். பாகங்களைத் தாங்கும் ஸ்ப்ரூச் சட்டத்திலிருந்து அவற்றைக் கையால் முறுக்கிப் பிடுங்கினார். ஒரே மாலையில் முழு விமானமும் ஒட்டி முடிந்தது. கண்ணாடிக்கூட்டையும் அதே பசையால் ஒட்டி, தூசி படாதிருக்கப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அவருடைய தாய்மாமாவுக்குத் தச்சநல்லூர் பக்கம் வண்டிகளுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் பட்டறை இருக்கிறது. அங்கே போய்ப் பிரைமரும் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தின்னரும் கேட்டு வாங்கிவந்தார். தின்னர் கலந்த பிரைமரை இடது இறக்கையில் தூரிகையால் இழுத்ததும் பிளாஸ்டிக் பிசுபிசுத்தது. பயந்து நிறுத்திவிட்டார். அதன் பிறகு ஹார்டுவேர் கடையில் கிரில் கதவுக்கு அடிக்கும் எனாமல் வாங்கி, டர்பெண்டைன் கலந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பூசினார். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடியில் வைத்தார். மாலையில் முத்திரைகளை ஒட்டினார். மறுநாள் பளபளப்புக்காக, பைக் உதிரிபாகக் கடையில் வாங்கிய கிளியர் லாக்கர் ஸ்பிரேயை அடித்தார். கண் முன்னாலேயே பச்சை சுருங்கியது.

இதில் கவனக்குறைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியிலும் தன் கைக்கு எட்டியதில் நல்லதைத்தான் தேடியிருக்கிறார்.

பசை

மாடல் பெட்டியின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதற்கென்று விற்கும் திரவப் பசை உண்மையில் பசையே இல்லை, கரைப்பான். பியூட்டைல் அசிட்டேட், அசிட்டோன் போன்றவை கலந்த அந்தத் திரவம் இரு விளிம்புகளையும் இளக்கும். இளகிய இரு பரப்புகளின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகும். கரைப்பான் ஆவியானதும் இரண்டு துண்டு ஒரே துண்டாகிவிடும். இறுகுவதற்குள் நகர்த்திச் சரிபார்க்கச் சில நிமிடங்கள் கிடைக்கும். அழுத்தும்போது இணைப்பிலிருந்து இளகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வரும். மறுநாள் அதைச் சுரண்டித் தேய்த்தால் கோடே தெரியாது.

நொடியில் ஒட்டும் பசை சயனோஅக்ரிலேட். அது பிளாஸ்டிக்கை இளக்குவதில்லை; இரு பரப்புக்கும் இடையில் தானே ஒரு கடினப் படலமாக உறைகிறது. நகர்த்த நேரமே தராது. அரை மில்லிமீட்டர் பிசகுக்கும் தாழ்ந்த இறக்கைக்கும் காரணம் இதுதான். அந்த அரை மில்லிமீட்டரை 72ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர். அப்படி ஒரு படியோடு எந்த ஹரிக்கேனும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்காது. பாகங்களை முறுக்கிப் பிடுங்கியதால் விளிம்பில் சில இடங்களில் குழியும் சில இடங்களில் பிசிறும் நின்றன. அவற்றின் மேலேயே ஒட்டியதால் இடைவெளி விழுந்தது.

கண்ணாடிக்கூடு மங்கியதும் இதே பசையால்தான். உறையும்போது அது விடும் ஆவி, காற்றின் ஈரத்தோடும் விரல்ரேகை படிந்த இடங்களோடும் சேர்ந்து வெண்படலமாகப் படியும். பெட்டியை மூடிவைத்ததால் ஆவி வெளியேற வழியில்லாமல் கூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். அது மங்கச் செய்யாது, காய்ந்தால் நிறமின்றித் தெளியும், பிசகினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயர்ப்பலகை செய்பவர்கள் அக்ரிலிக் தகடு ஒட்டக் குளோரோஃபார்ம் வைத்திருப்பார்கள். அது பாலிஸ்டைரீனையும் நன்றாக ஒட்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒட்டும்தான். படுக்கையறை மேசையில் வைத்து முகரக்கூடிய பொருள் அல்ல அது. மாடல் பசை திருநெல்வேலிக் கடைகளில் நான் தேடியவரை கிடைக்கவில்லை. இணையத்தில் வாங்கி, வந்து சேரும்வரை காத்திருப்பதே மேல். அந்தப் பசைக்கும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

தின்னரும் அடுக்கும்

பட்டறையில் ‘என்சி தின்னர்’ என்று சொல்லப்படுவதில் டொலுவின், அசிட்டோன் வகையறாக்கள் இருக்கும். வண்டியின் இரும்புத் தகட்டை அவை ஒன்றும் செய்யாது. பாலிஸ்டைரீனை நேராகக் கரைத்துவிடும். மேலே சொன்ன மாடல் பசையின் வேலையை, பரந்த பரப்பில், யாரும் கேட்காமலேயே செய்துவிடும். இடது இறக்கை அப்படித்தான் பலியானது.

எனாமல் சுருங்கியது வேறு கதை. எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் டர்பெண்டைன் ஆவியாகித் தொட்டால் ஒட்டாத நிலை வரும். பிறகு அதன் எண்ணெய்ப் பிசின் காற்றின் ஆக்சிஜனை மெல்ல உள்வாங்கி இறுகும். இதற்குப் பல நாள் பிடிக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்பதை முழுக்கக் காய்ந்ததாக எடுத்துக்கொண்டு மேலே லாக்கர் அடித்தால், லாக்கரின் வீரியமான கரைப்பான் பாதி இறுகிய எனாமலுக்குள் புகுந்து அதை உப்பவைக்கும். உப்பிய படலம் பரப்பில் இடம் போதாமல் மடிந்து சுருங்கும். ஆகவே அடுக்கின் விதி, வீரியமான கரைப்பான் கொண்டது அடியில், சாதுவானது மேலே என்பது. லாக்கர்மேல் எனாமல் நிற்கும். இறுகிய எனாமல்மேல் நீர்க்கலப்பு அக்ரிலிக் நிற்கும். எனாமல்மேல் லாக்கர் மட்டும் வேண்டாம்.

பூச்சின் தடிமனும் கணக்குப் பார்க்க வேண்டியதே. கிரில் கதவுக்கான எனாமலில் நிறமித் துகள் பருமன். தடிமனாக இரண்டு கை பூசினால் கால் மில்லிமீட்டர்கூட ஏறிவிடலாம். நிஜத்தில் அது 18 மில்லிமீட்டர் பெயிண்ட். தகட்டுக் கோடுகள் காணாமல் போனதில் வியப்பில்லை.

ஆடிக்காற்று

தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே புகும் காற்று இந்தச் சமவெளியைப் பெருக்கித் தள்ளுகிறது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அம்மியையே தூக்கும் என்று சொல்லப்படும் ஆடிக்காற்றில், ஈரப் பெயிண்ட்டோடு ஒரு பொருளை மொட்டைமாடியில் வைத்தால் அது தூசி பிடிக்கும் பொறியாகிவிடும். மணல் நெருடலுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. அந்த நெருடலே முத்திரைகளையும் கெடுத்தது. தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் முத்திரைத்தாளுக்கு வழவழப்பான தரை வேண்டும். சொரசொரப்பின் மேல் படிந்தால் அடியில் காற்று சிக்கிக்கொண்டு வெள்ளியாக மின்னும். உப்பு வளையத்துக்குக் காரணம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் பிடித்திருக்கலாம், அல்லது பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கியிருக்கலாம்.

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் வண்ணம் உருகி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். காயவைப்பது என்ற கட்டமே இல்லாத வண்ணவேலை. எனக்கு அதில் எப்போதும் பொறாமை உண்டு.

பட்டறையில் ஒரு காலை

அடுத்து மாணவரையும் விமானத்தையும் கூட்டிக்கொண்டு தச்சநல்லூர் போனேன். பட்டறையைப் பார்க்காமல் ஆய்வு முழுமையாகாது என்று தோன்றியது. மாமா ஒரு மினி பஸ்ஸின் பக்கவாட்டில் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

“கேட்டான், கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லையே சார்வாள்” என்றார். விமானத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முதுகுக் கோட்டில் நகத்தை ஓட்டினார். “தரை சரியில்லாமல் பெயிண்ட் அடித்திருக்கிறான். பெயிண்ட் எதையும் மறைக்காது, காட்டித்தான் கொடுக்கும்.” மருமகனைப் பார்த்து, “நம் பட்டறையில் ஒரு வண்டியையாவது கழுவாமல் பிரைமர் அடித்துப் பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை.

அன்று அந்தப் பட்டறையில் நான் பார்த்த வேலைமுறையைக் குறித்துக்கொண்டேன். முதலில் எண்ணெய்ப்பசை போகக் கழுவுகிறார்கள். பள்ளத்தில் பட்டி வைத்து, காய்ந்தபின் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்கிறார்கள்; முதலில் முரட்டு எண், பிறகு நயமான எண். மேலே மெல்லியதாகப் பிரைமர் ஊதி, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்க்கிறார்கள். ஒரே நிறமான சாம்பலில் சிறு பள்ளமும் நிழல் காட்டும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. வண்ணம் அடிக்கும்போது ஒரே தடவையில் மூடப் பார்ப்பதில்லை. முதல் கை புகையளவு, அது அடங்கியபின் அடுத்தது. காற்றடிக்கும் நாளில் தரையில் தண்ணீர் தெளித்துப் படுதா கட்டுகிறார்கள்.

மாடல் கட்டுபவர் கற்க வேண்டியதில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது. கழுவுவது, தேய்ப்பது, பிரைமரில் சோதிப்பது, மெல்லிய கைகள், தூசித் தடுப்பு எல்லாம் மினி பஸ்ஸுக்கும் 17 சென்டிமீட்டர் விமானத்துக்கும் ஒன்றே. மாறுவது கரைப்பான் மட்டும். மாணவர் பட்டறைக்குப் போய் அங்கிருந்த அறிவை விட்டுவிட்டு, ஆகாத ஒரே பொருளான தின்னரைக் கேன் பிடித்து வாங்கிவந்திருக்கிறார். இந்த நிகழ்வின் மையக் காரணம் இதுதான் என்பது என் முடிவு. தின்னர் எதுவானாலும் தின்னர், பசை எதுவானாலும் பசை என்று எடுத்துக்கொண்டால் நல்ல கையும் தோற்கும்.

கழற்றியது, கழுவியது

பட்டறையில் மாடலுக்கு உதவும் பொருள் ஒன்றும் கிடைத்தது. பிரேக் ஆயில் ஒரு சொட்டுப் பட்டாலும் வண்டியின் பெயிண்ட் உரிந்துவிடும் என்று பட்டறைப் பையன்களை அண்ணாச்சி ஓயாமல் எச்சரிப்பார். கிளைக்கால் வகையைச் சேர்ந்த அந்தத் திரவம் பெயிண்ட் படலத்தை இளக்கும், பாலிஸ்டைரீனைத் தொடாது. பெயிண்டரின் எதிரி மாடல்காரரின் நண்பன்.

ஆனால் அதற்கு முன் ஒட்டியதைக் கழற்ற வேண்டியிருந்தது. சயனோஅக்ரிலேட் குளிரில் நொறுங்கும் தன்மை கொள்ளும். விமானத்தை உறையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் பனி அறையில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் மெல்ல நெளித்ததும் உடற்பகுதியின் பாதிகளும் இறக்கையும் ‘டக்’கென்று விடுபட்டன. கண்ணாடிக்கூடும் வந்துவிட்டது. இந்த வேலை பிரேக் ஆயிலுக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். பிரேக் ஆயில் பட்ட பொருளைச் சாப்பாடு இருக்கும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. (பனி அறையில் மீனுக்குப் பக்கத்தில் போர் விமானம் இருந்தது குறித்து மாணவரின் அம்மா தெரிவித்த கருத்தை இங்கே பதிவு செய்யவில்லை.)

பிறகு மூடியுள்ள பழைய டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றி, கையுறையோடு பாகங்களை மூழ்கவைத்தோம். கண்ணாடிக்கூடு மட்டும் விலக்கு. மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் எனாமலும் லாக்கரும் சுருளாக உரிந்தன. பாத்திரம் துலக்கும் திரவத்தால் இருமுறை கழுவினோம். சாம்பல்நிறப் பிளாஸ்டிக் வெளியே வந்தபோது இடது இறக்கை தவிர எல்லாம் நலமாக இருந்தது. கூட்டின் உட்புற மங்கலைப் பஞ்சுக்குச்சியில் பற்பசை தொட்டுப் பொறுமையாகத் தேய்த்ததில் பெரும்பாலும் தெளிந்தது. மூலையில் கொஞ்சம் நின்றுவிட்டது.

இடது இறக்கையின் சிதைவை எம்-சீல் கொண்டு நிரப்பினோம். இரண்டு களிம்பையும் பிசைந்து வைக்கும் அந்த எப்பாக்சியில் கரைப்பான் இல்லை, ஆகவே பிளாஸ்டிக்கைக் கடிக்காது. தகட்டுக் கோடுகளைத் திரும்பக் கீறும் அளவுக்கு இந்த இறக்கைமேல் உழைப்பது வீண் என்று நான் சொன்னேன். இந்த விமானம் இனிப் பழகுவதற்கு. வண்ணம் தீட்டிப் பார்க்க, தேய்த்துப் பார்க்க, முத்திரை ஒட்டிப் பார்க்க இப்படி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுவே: முதல் பெட்டி மலிவாக, ஒற்றை எஞ்சின் விமானமாக, குறைந்த பாகங்களோடு இருக்கட்டும். இருதள இறக்கை விமானங்களின் கம்பிக் கட்டுகளில் தலையைக் கொடுக்க வேண்டாம். பசையே இல்லாமல் பொருத்தும் பாண்டாய் ரோபோ மாடல்களை இளைஞர்கள் பலர் விரும்புகிறார்கள். வெட்டிச் சீவும் பழக்கத்துக்கு அவை நல்ல பள்ளி. வண்ணமும் இணைப்பு மறைப்பும் அங்கே கற்க முடியாது, ஏனென்றால் பாகங்கள் தம் நிறத்திலேயே வார்க்கப்பட்டு வருகின்றன.

இரண்டாம் பெட்டி

மாணவருக்கு ஹரிக்கேன்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் இருந்தது. 1944இல் இம்பால் போர்முனையில் ஸ்குவாட்ரன் லீடர் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டியது இந்த விமானத்தைத்தான். அவருக்கு டிஎஃப்சி என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கிடைத்ததும் அப்போதுதான். ஆனால் முதல் பெட்டியில் இருந்தது 1940இல் இங்கிலாந்தின் வானில் சண்டையிட்ட மார்க் 1. இறக்கைக்குள் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள். பர்மாப் போர்முனைக்கு வந்தவை பெரும்பாலும் மார்க் 2 வகை. அவற்றில் 2சி வகையின் இறக்கையில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குழல்கள் நீட்டி நிற்கும். 14,000க்கு மேல் கட்டப்பட்ட விமானம் என்பதால் வகைகள் ஏராளம். பெட்டியின் முகப்புப் படத்தைப் பார்த்து வாங்காமல், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வகையையும் முத்திரைத் தேர்வுகளையும் படித்து வாங்க வேண்டும். இரண்டாம் பெட்டி அப்படித் தேடிய 2சி.

இன்னொரு செய்தியும் மாணவருக்குப் பிடித்திருந்தது. தென்கிழக்காசியப் போர்முனையில் பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்ட முத்திரையில் நடுச் சிவப்பு கிடையாது. ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டம் என்று தரையிலிருப்பவர்கள் தவறாக நினைத்துச் சுட்டுவிடுவார்கள் என்பதால் கரும் நீலத்துக்குள் வெளிர் நீலம் வைத்தார்கள். மாடலில் இதைச் சரியாக வைப்பது கைத்திறனைச் சேர்ந்ததல்ல. தேடிப் படிப்பதைச் சேர்ந்தது.

இம்முறை சட்டங்களை முதலில் பாத்திரத் திரவத்தில் கழுவினார். வார்ப்பச்சிலிருந்து எளிதில் கழன்றுவர அச்சில் எண்ணெய் தடவியிருப்பார்கள். அது படிந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. பாகங்களைப் பக்கவெட்டுக் கட்டரால் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய முளையைக் கத்தியால் சீவி, 600 எண் தாளால் தேய்த்தார். பசை தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் கட்டிப் பார்த்தார். விமானி அறையின் உட்புறத்தை உடல் பாதிகளைச் சேர்ப்பதற்கு முன்பே தீட்டி முடித்தார். ஒட்டும் விளிம்புகளில் வழிந்த வண்ணத்தைச் சுரண்டி எடுத்தார், ஏனென்றால் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தொட்டால்தான் இணைப்பு பிடிக்கும்.

பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, பசைத் தூரிகையின் நுனியால் கோட்டைத் தொட்டதும் திரவம் தானாகவே கோடு நெடுக ஓடியது. அதை முதல் தடவை பார்ப்பவருக்கு முகம் மலர்வது உறுதி. மறுநாள் பிதுங்கிய வரப்பைச் சீவித் தேய்க்கும்போது ஒன்றில் மட்டும் அவரை நிறுத்த வேண்டியிருந்தது. ஹரிக்கேனின் பின்னுடல் உலோகத் தகடு அல்ல. மரச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அந்த வரிவரியான மேடுகளை மாடலிலும் வார்த்திருப்பார்கள். பட்டறைப் பழக்கத்தில் வழவழவென்று தேய்த்தால் துணி தகடாகிவிடும். அங்கே தாளைச் சிறு பட்டையாக வெட்டி, இரண்டு வரிகளுக்கு நடுவில் மட்டும் தேய்க்கச் சொன்னேன். இறக்கைகளின் உயரத்துக்கு இரு நுனியின் கீழும் ஒரே அளவு தீப்பெட்டி அடுக்கு வைத்துப் பசை இறுகும்வரை விட்டார்.

வண்ணத்துக்கு நீர்க்கலப்பு அக்ரிலிக். எனாமல் கெட்டது என்று சொல்லமாட்டேன். அது மெல்லக் காய்வதால் தூரிகைத் தடம் தானே மட்டப்படும், அந்த விஷயத்தில் அக்ரிலிக்கைவிட மேல். ஆனால் காற்றுக் காலத்தில் நாட்கணக்கில் தூசியைக் காவல் காப்பது கடினம். அக்ரிலிக்கின் தொல்லை நேர்மாறானது: நம் வெயிலில் தூரிகையிலேயே காய்ந்து இழுபடும். மின்விசிறியை நிறுத்தினால் பாதித் தொல்லை தீரும். மீதிக்கு ஒரு வழி: டிபன் டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்ச் வைத்து, மேலே கேக் சுடும் காகிதம் விரித்து, அதன்மேல் வண்ணம் எடுத்துக்கொள்வது. அடியிலிருந்து ஈரம் கசிந்து வண்ணத்தை மணிக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். வேலை நேரத்தை விடிகாலைக்கு மாற்றினார். காற்று எழும்புவதற்கு முன், ஜன்னலைத் திறந்து வைத்தே தீட்டலாம். பூசி முடித்ததும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுவார்.

வெள்ளை பிரைமர், அடிப்புற வெளிர்நிறம், மேலே பழுப்பு, அதன்மேல் பச்சைத் திட்டுகள் என்று வெளிரிலிருந்து கருமைக்குப் போனார். ஒவ்வொரு நிறமும் பால் பதத்தில், இரண்டு மூன்று கைகள். ஒரு கை நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்கே. முதல் கை எப்போதும் அசிங்கமாகத்தான் இருக்கும். அங்கே பதறித் தடிமனாக அடித்துவிடுபவர்கள் நிறையப் பேர். இவர் பதறவில்லை, பட்டறையில் புகையளவு முதல் கையைப் பார்த்திருந்தார். பிறகு பளபளப்புக் கிளியர், அதன்மேல் முத்திரைகள், கடைசியாக மங்கல் கிளியர். முத்திரையின் அடியில் இம்முறை வெள்ளி இல்லை.

கம்பத்திலிருந்து வாலுக்குப் போகும் வானொலிக் கம்பிக்கு மிஞ்சிய ஸ்ப்ரூத் துண்டு ஒன்றை அகல் விளக்குச் சுடருக்கு மேலே, தீ படாமல் சுழற்றி, இளகியதும் இரு கையாலும் இழுத்தார். முடியளவு நூல் கிடைத்தது. முதல் சில நூல்கள் அறுந்தன, ஒன்று தீப்பிடித்தது. கம்பியை வெள்ளைப் பசையில் நிறுத்தினார்.

இரண்டாவது விமானத்திலும் குறைகள் உள்ளன. வலது இறக்கை வேரில் ஒரு மயிரிழைக் கோடு பிரைமருக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார். கண்ணாடிக்கூட்டின் சட்டக் கோடுகளில் இரண்டு இடத்தில் டேப்புக்கு அடியில் வண்ணம் கசிந்திருக்கிறது. ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டாததே காரணம். அண்ணாச்சி அதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்து, டேப் ஒட்டியபின் அடிநிறத்தையே ஒரு மெல்லிய கை பூசி ஓரத்தை அடைத்துவிட்டு மேல்நிறத்தை அடிக்க வேண்டும் என்றார். பஸ்ஸில் இருநிறப் பட்டை அடிக்கும்போது அவர் செய்வது அது. மூன்றாவது பெட்டியில் முயன்று பார்க்கப்போகிறோம். ஐப்பசி மழையின் ஈரத்தில், மாடலுக்கென்று விற்கும் லாக்கர் பிரைமர் ஸ்பிரேகூட வெளுத்துவிடும் என்பதால், அதன் பிரைமர் வேலையைப் புரட்டாசிக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.